தாதியர் கல்வியும் நோயாளர் மொழியும்

வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட நோயாளி ஒருவர், வைத்தியரை ஒரு நாளிற் சில நிமிடங்களே காண்கிறார். எஞ்சிய பொழுது முழுவதும் அவரருகே நடமாடுவோர் தாதியர். காலையில் உடல்வெப்பத்தையும் குருதியமுக்கத்தையும் அளப்பவர், வேளை தவறாது மருந்து கொடுப்பவர், புண்ணைக் கழுவிக் கட்டுபவர், நள்ளிரவில் முனகல் கேட்டால் எழுந்து வருபவர், வீடு திரும்பும் நாளில் இனி எவ்வாறு நடந்துகொள்ளவேண்டும் எனச் சொல்லியனுப்புபவர் யாவரும் அவர்களே. ஆகவே, நவீன மருத்துவத்துக்கும் நோயாளிக்கும் இடையே நிகழும் பேச்சிற் பெரும்பகுதி தாதியர் வாயிலாகவே நிகழ்கின்றது. அப்பேச்சுத் தவறுமாயின் மருந்தும் தவறும், சத்திரசிகிச்சையும் தவறும்.

இத்துணை முதன்மை வாய்ந்த ஒரு கருமம் தாதிய மாணவருக்கு எவ்வாறு கற்பிக்கப்படுகின்றது என வினவுமிடத்து, கிடைக்கும் விடை மனநிறைவு தருவதன்று. தொடர்பாடல் என்னும் தலைப்புப் பாடவிதானத்தில் இல்லாமலில்லை. அதன் வரைவிலக்கணம், அதன் வகைகள், அதற்கு நேரும் தடைகள் என்பன விரிவுரையிற் சொல்லப்படுகின்றன, குறிப்பெடுக்கப்படுகின்றன, பரீட்சையில் திருப்பி எழுதப்படுகின்றன. அதற்கு மேல் எஞ்சுவது அறிவுரையே: அன்பாகப் பேசுக, புன்முறுவல் காட்டுக, பொறுமை இழவாதிருக்க. தோலின் கீழ் ஏற்றும் ஊசியையும் தசையில் ஏற்றும் ஊசியையும் எந்தெந்தக் கோணத்திற் பிடிக்கவேண்டும் என்பதைப் பாகைக் கணக்கிற் சொல்லி, செய்துகாட்டி, செய்வித்து, பிழை கண்டு திருத்தும் அதே கல்வி, பேச்சு என்று வந்தவுடன் நீதிநூலாக மாறிவிடுகின்றது.

இம்மாற்றம் தற்செயலானதன்று. ஊசி போடுதல் தொழில், பேசுதல் குணம் என்ற எண்ணமே இதன் அடியிற் கிடக்கின்றது. இவ்வெண்ணம் பிழையானது. பிழையானது மட்டுமன்றி, எதிர்த்துக் கேட்க வழியில்லாத ஏழை நோயாளிக்குக் கேடு விளைப்பதுமாகும். நோயாளியோடு பேசுதல் தாதியத் தொழிலின் ஓர் உறுப்பு. அதனை நோயாளியின் மொழியில், நோயாளியின் கட்டிலருகே, செய்வித்துத் திருத்திப் பயிற்றாத கல்வி குறைக்கல்வியே ஆகும்.

குணமும் தொழிலும்

“நல்ல மனமுள்ள பிள்ளை நன்றாகப் பேசும், அஃது இல்லாத பிள்ளைக்கு எத்தனை பாடம் நடத்தினும் பயனில்லை” என்பது இவ்விடயத்தில் அடிக்கடி கேட்கும் வாதம். கேட்பதற்கு இனிமையான வாதம். ஆனால் நல்ல மனம் மட்டுமே உள்ள மாணவி ஒருத்தி நோயாளியின் கட்டிலருகே செய்வது யாது? நாளை சத்திரசிகிச்சைக்குச் செல்லவிருக்கும் முதியவர் தம் அச்சத்தைச் சொல்லத் தொடங்குகிறார். “ஒன்றுமில்லை ஐயா, பயப்படாதேயுங்கோ” என்கிறாள் அவள். அன்பினாலேயே அவ்வாறு சொல்கிறாள். ஆயினும் அச்சொற்கள் கதவைச் சாத்திவிடுகின்றன. முதியவர் அஞ்சுவது மரணத்தையா, மயக்கமருந்தையா, வீட்டில் தனித்திருக்கும் மனைவியின் கதியையா என்பது எவருக்கும் தெரியாமலே போகின்றது. முன்னொரு முறை மயக்கமருந்து கொடுத்தபோது தமக்கு நேர்ந்த இடரைச் சொல்லவே அவர் வாயெடுத்திருக்கவுங் கூடும்.

நவீன தாதியத்தின் முன்னோடியாகிய புளோரன்ஸ் நைற்றிங்கேல் (1820 – 1910) இதனை நன்கறிந்திருந்தார். 1859 இல் வெளிவந்த தாதியம் பற்றிய தமது குறிப்பு நூலில், ஆதாரமற்ற நம்பிக்கை மொழிகளையும் கேளாத அறிவுரைகளையும் நோயாளியின் தலையிற் கொட்டுவோரைக் கண்டிப்பதற்கென்றே ஓர் அத்தியாயத்தை அவர் ஒதுக்கினார். அதே நூலின் இறுதிப் பகுதியில், கேள்வி கேட்கும் முறையையும் ஆராய்கிறார். இரவு நன்றாகக் கழிந்ததா என்று கேட்பது பயனற்ற கேள்வி என்பது அவர் துணிபு. பத்து மணி நேரம் இடையறாது தூங்காத ஒருவர் இரவு மோசமாகக் கழிந்தது என்பார். விட்டுவிட்டுக் கண்ணயர்ந்த இன்னொருவர் நன்றாகக் கழிந்தது என்பார். எத்தனை மணி நேரம் தூக்கம், இரவின் எந்த நேரத்தில் தூக்கம் என்று கேட்டாலன்றி உண்மை வெளிப்படாது. இதிற் குணம் பற்றிய பேச்சு எங்கே உள்ளது? இது முறை பற்றிய பேச்சு. முறை என்பது கற்பிக்கத்தக்கது. கற்றவர் பிழைவிடின் சுட்டித் திருத்தத்தக்கது.

தமிழ் மரபும் இதற்கு மாறானதன்று. திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக்குறள் (950), நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றது. உழை என்பதற்குப் பக்கம் என்பது பொருள். பக்கத்திருந்து தொண்டாற்றுபவரை வைத்தியருக்கு ஏவலாளாகத் தாழ்த்தாது, மருத்துவத்தின் நாலில் ஒரு கூறாக வள்ளுவர் வைத்தமை மனங்கொள்ளத்தக்கது. இன்னொன்றும் நோக்கற்பாலது. பேச்சைப் பற்றி வள்ளுவர் ஓரதிகாரத்தோடு அமையவில்லை. இல்லறவியலில் இனியவை கூறல் என்றார். பொருட்பாலிற் சொல்வன்மை என்றார். முன்னது எல்லா மாந்தர்க்கும் உரிய பண்பு. பின்னது பொறுப்பான பணியை மேற்கொண்டோர் பயின்று பெறவேண்டிய ஆற்றல். தாதியர் கல்வி இனியவை கூறலோடு நின்றுவிட்டது. சொல்வன்மைக்கு அது வரவேயில்லை.

பேச்சைக் குணமாகக் கொள்ளும் வாதத்தின் பின்னே மற்றொரு கருத்தும் மறைந்துள்ளது. தாதியர் பெரும்பாலும் பெண்கள். ஆறுதல் சொல்லுதல் பெண்ணின் இயல்பு. இயல்பாக வருவதற்குப் பயிற்சி எதற்கு, நேரம் எதற்கு, ஊதியம் எதற்கு என்பதே அக்கருத்து. அமெரிக்கத் தாதியர் ஹில்டகார்ட் பெப்லோ, தாதிக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவே சிகிச்சையின் ஒரு கருவி என நிறுவும் நூலை 1948 இலேயே எழுதி முடித்தார். வைத்தியர் ஒருவர் இணையாசிரியராக இல்லாது ஒரு தாதி நூல் வெளியிடுவது வழக்கமன்று என்ற காரணத்தால் அது 1952 வரை காத்திருக்க நேர்ந்தது. அந்நூல் வெளிவந்து 70 ஆண்டுகளுக்கு மேலாகியும், கட்டிலருகே நிகழும் பேச்சு ஓர் அறிவுத்துறை என்பதை ஏற்க மனமில்லாதோர் இன்னும் உளர்.

‘ஓம்’ என்ற சொல்லின் பொருள்

“விளங்கினதோ?” என்று தாதி கேட்கிறார். “ஓம்” என்கிறார் நோயாளி. தாதி அடுத்த கட்டிலுக்குச் செல்கிறார். வைத்தியசாலைகளில் நாள்தோறும் நிகழும் இவ்வுரையாடலில் அந்த ‘ஓம்’ எதனைக் குறிக்கின்றது? விளங்கியது என்பதையா? பெரும்பாலும் அன்று. வெள்ளை உடைக்கு முன்னே, அரசாங்கக் கட்டடத்தினுள்ளே, கல்வியறிவு குன்றிய ஒருவர் சொல்லும் ‘ஓம்’ பணிவின் அடையாளம். ‘உங்களுக்குக் கரைச்சல் தரமாட்டேன்’ என்பதே அதன் பொருள். கிராம அலுவலரிடமும், வங்கியிலும், பொலிஸ் நிலையத்திலும் அவர் சொல்லும் ‘ஓம்’ அதுவே. அதனைச் சம்மதமாகவும் விளக்கமாகவும் பதிவுசெய்தல் மொழியறியாமை மட்டுமன்று; சமூகத்தை அறியாமையுமாகும்.

விளக்கக் குறைவின் விளைவுகள் சிறியனவல்ல. சத்திரசிகிச்சைக்கு முன்னர், “இரவு பன்னிரண்டு மணிக்குப் பிறகு சாப்பாடு வேண்டாம்” என்று சொல்லப்படுகின்றது. ஈழத்துத் தமிழ்ப் பேச்சிற் சாப்பாடு என்பது பெரும்பாலும் சோற்றையோ, இடியப்பம் பிட்டு முதலியவற்றையோ குறிக்கும். விடியற்காலையிற் குடிக்கும் பால்தேநீர் எவர் கணக்கிலும் சாப்பாடன்று. நோயாளி தேநீரைக் குடித்துவிட்டுச் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குப் போகிறார். மயக்கநிலையில் வயிற்றிலுள்ளது மேலெழுந்து சுவாசப்பைக்குட் சென்றால் உயிராபத்து நேரும். உண்மை தெரியவந்தாற் சிகிச்சை பிற்போடப்படும். “சொன்னதைக் கேட்கமாட்டார்கள்” என்ற ஏச்சு நோயாளிக்குக் கிடைக்கும். ஆனால் அவர் சொன்னதைக் கேட்டார், சொல்லப்பட்டதே குறைபாடுடையது.

நீரிழிவு நோயாளிக்கு இன்சுலின் ஊசியைச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரத்துக்கு முன்னர் போடவேண்டும் என விதிக்கப்படுகின்றது. வெள்ளிக்கிழமை விரதமிருக்கும் ஆச்சி அன்று என்ன செய்வார்? ஊசியைப் போட்டுக்கொண்டு உண்ணாதிருந்தாற் குருதியிற் சீனி வீழ்ச்சியடைந்து, வியர்த்து, நடுங்கி, நினைவிழப்பார். ஊசியையே விட்டுவிட்டாற் சீனி ஏறும். நோன்பு நோற்கும் முஸ்லிம் நோயாளிக்கும் இதே இடர் உண்டு. “விரதம் பிடிக்கிறனீங்களோ?” என்ற ஒரு கேள்வி இவ்விடத்தில் மருந்தின் ஒரு பகுதியாகும். வயிற்றோட்டம் கண்ட குழந்தையின் தாயிடம் ஜீவனிப் பொதியைக் கொடுத்து, ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரிற் கரைக்குமாறு சொல்லப்படுகின்றது. அவள் வீட்டில் லீற்றர் அளவுள்ள பாத்திரம் உண்டா? எந்தப் பாத்திரத்திற் கரைக்கப் போகிறாள்? நீர் குறைந்து உப்பு மிகுந்தால் அக்கரைசலே குழந்தைக்குத் தீங்காகும்.

இவ்விடர்களுக்கு மாற்று அரிய வித்தையன்று. சொன்னதை நோயாளியின் வாயால், நோயாளியின் சொற்களில், திருப்பிச் சொல்லக் கேட்பதே அது. “விளங்கினதோ?” என்பதற்குப் பதிலாக, “வீட்டை போய் இந்த மருந்தை எப்படிப் போடுவியள், ஒருக்காச் சொல்லுங்கோ அம்மா, நான் சரியாச் சொன்னனானோ எண்டு பார்ப்பம்” என்று கேட்கவேண்டும். பரிசோதிக்கப்படுபவர் நோயாளியன்று, சொன்னவரே என்ற தொனி அதிலிருத்தல் வேண்டும். இஃது ஒரு மாணவிக்கு ஒரு பிற்பகலிற் சொல்லித்தரத்தக்கது. ஓராண்டு பழகிக் கைவரத்தக்கது. ஊசிக் கோணத்தை மதிப்பிடும் ஆசிரியர் இதனையும் மதிப்பிடலாம். மதிப்பிடாமைக்குக் காரணம், இது தெரியாமையன்று. இதற்குப் புள்ளி வழங்கும் எண்ணமின்மையே.

எந்த மொழியில்?

பல்கலைக்கழகங்களிலே தாதியப் பட்டப்படிப்பு ஆங்கில மூலம் நிகழ்கின்றது. பயிற்சிக் கல்லூரிகளிலும் நூல்களும் பதிவேடுகளும் ஆங்கிலத்தைச் சார்ந்தவையே. உலக அறிவோடு தொடர்பு கொள்வதற்கு ஆங்கிலம் வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் ஆங்கிலத்திற் கற்றதை எந்த மொழியிற் சொல்வது என்ற கேள்வி, கற்பிப்போரால் எழுப்பப்படாமலே விடப்படுகின்றது. மாணவி தன் வீட்டுத் தமிழே போதுமென எண்ணிக் கட்டிலருகே செல்கிறாள். அங்கே அவள் கேட்பது வேறொரு அகராதி.

நோயைச் சொல்வதிலே பேச்சுத் தமிழுக்கு உள்ள நுட்பம் பெரிது. குத்து, உளைவு, கடுப்பு, எரிவு, விறைப்பு என்பன ஒரு பொருட் கிளவிகள் அல்ல. நெஞ்சுக்குத்து ஒன்று, நெஞ்செரிவு ஒன்று, நெஞ்சு அடைக்கின்றது என்பது இன்னொன்று. முட்டு இழுக்கின்றது என்பவர் மூச்சுவிட இடர்ப்படுகிறார். ஓங்காளம் வேறு, சத்தி வேறு. “ஒரே அந்தரமாய்க் கிடக்கு” என்று சொல்லும் முதியவளின் அந்தரம் மனக்கலக்கமாக இருக்கலாம். குருதியிற் சீனி இறங்கியதன் அறிகுறியாகவும் இருக்கலாம். இருதயம் தரும் முன்னறிவித்தலாகவும் இருக்கலாம். இவை யாவற்றையும் ஆங்கிலப் பதிவேட்டில் ‘நோ’ என்ற ஒரே சொல்லின் பெயர்ப்பாக எழுதிவிடும்போது, நோயாளி தந்த சான்று அழிக்கப்படுகின்றது. யாழ்ப்பாணத்தார் நோ என்பதை மலையகத்தார் வலி என்பர். மட்டக்களப்பு உழவரின் பேச்சும், தென்கிழக்குக் கரையோர முஸ்லிம் மக்களின் பேச்சும், தோட்டத் தொழிலாளரின் பேச்சும் வெவ்வேறு வளமுடையன. ஒரு பிரதேசத்து மாணவி மற்றொரு பிரதேசத்து வைத்தியசாலைக்கு நியமனம் பெறும்போது இவற்றைக் கற்பிப்பவர் யார்? தமிழகத்து நூலொன்றைக் கொணர்ந்து வைத்தாலும் இடர் தீராது. ஈழத்தில் நோயைக் குறிக்கும் வருத்தம் என்ற சொல் தமிழகத்தில் மனத்துயரையே குறிக்கும்.

தமிழ் நோயாளியும் சிங்களத் தாதியும் சந்திக்குமிடத்தில் இப்பிரச்சினை இன்னும் கூர்மையடைகின்றது. மலையக வைத்தியசாலைகளில் இஃது அன்றாட நிகழ்வு. தாய்க்கு நேர்ந்த உதிரப்போக்கைப் பன்னிரண்டு வயது மகன் சிங்களத்திற் சொல்லவேண்டியிருக்கின்றது. தாய் மகனிடம் எதனைச் சொல்வாள்? எதனை மறைப்பாள்? மறைத்தது எதுவோ, அதுவே நோயின் திறவுகோலாக இருக்கலாம். பள்ளிப் பிள்ளையும், துப்புரவுத் தொழிலாளியும், அடுத்த கட்டில் நோயாளியும் மொழிபெயர்ப்பாளராகக் கருதப்படும் அமைப்பிலே நோயாளியின் அந்தரங்கம் என்பது வெறும் பாடநூற் சொல்லே. தமிழ்த் தாதி சிங்கள நோயாளியின் முன்னே தடுமாறி நிற்கும் நிலையும் இதனிற் குறைந்த அநீதியன்று.

சட்டம் இல்லையென்று எவரும் சொல்லவியலாது. 1956 இன் தனிச் சிங்களச் சட்டம் செய்த தீங்கு நாடறிந்தது. 1987 இல் நிறைவேறிய அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 2007 இல், புதிதாகச் சேரும் அரசாங்க உத்தியோகத்தர் ஐந்தாண்டுக்குள் இரண்டாவது அரசகரும மொழியில் தேர்ச்சி பெறவேண்டுமென அரச நிருவாகச் சுற்றறிக்கை விதித்தது. ஆனால் பதவியுயர்வுக்கும் சம்பள ஏற்றத்துக்கும் வேண்டிய சான்றிதழ் ஒன்று. “மூச்சு முட்டுது மிஸ்” என்ற குரலை நள்ளிரவிற் புரிந்துகொள்ளுதல் வேறொன்று. முன்னதைத் தரும் வகுப்புகள் பின்னதைத் தாமாகவே தந்துவிடமாட்டா. தாதிய மாணவருக்கு வேண்டிய இரண்டாம் மொழி, கட்டிலருகே வேண்டப்படும் மொழி. அதனை வாட்டிலேயே, நோயாளரின் பேச்சைக் கேட்டே கற்கவேண்டும்.

இதனை நடைமுறைக்கு ஒவ்வாத கனவென்போர் வரலாற்றை நோக்குவாராக. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஷ் கிறீன், மானிப்பாயில் இளைஞர்களுக்கு மேனாட்டு வைத்தியத்தைக் கற்பித்தார். தொடக்கத்திற் கற்பித்தது ஆங்கிலத்தில். அவ்வாறு பயின்றோர் அரசாங்க உத்தியோகத்தை நாடி அகல்வதைக் கண்ட அவர், தமிழ்மூலம் கற்பிக்கத் துணிந்தார்; தாமே தமிழ் கற்று, வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். மதம் பரப்புதல் அவர் நோக்கங்களுள் ஒன்று என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் கிராமத்து நோயாளியிடம் போகவேண்டிய அறிவு, அவர் மொழியின் வழியாகவே போகமுடியும் என்ற உண்மையை அந்நியர் ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டார். இன்று அதனைக் காண மறுப்போர் இம்மண்ணிற் பிறந்தோர்.

நேரமின்மை என்னும் கேடயம்

“ஒரு வாட்டில் நோயாளர் நிரம்பி வழிகின்றனர், கட்டிலின்றித் தரையிலும் படுத்திருக்கின்றனர், பேசுவதற்கு எங்கே நேரம்?” என்பது இறுதி வாதம். இதனை எளிதிற் புறக்கணித்தல் தாதியருக்கு இழைக்கும் அநீதியாகும். அவர்தம் பணிச்சுமை மெய். ஆட்பற்றாக்குறை மெய். அவற்றை நீக்கவேண்டிய கடமை அரசுடையது. ஆனால் நேரமின்மை மட்டுமே மௌனத்துக்குக் காரணமாயின், நேரமுள்ள பிற்பகல்களிற் பேச்சு மலரவேண்டுமல்லவா? அவ்வாறு மலர்வதில்லை.

ஏன் என்பதற்கு இலண்டனிற் செய்யப்பட்ட ஆய்வொன்று விடை தருகின்றது. போதனா வைத்தியசாலை ஒன்றின் தாதியர் சேவையை ஆராய்ந்த இசபெல் மென்சீஸ் என்னும் உளப்பகுப்பாய்வாளர், தம் முடிபுகளை 1960 இல் வெளியிட்டார். நோயும் மரணமும் எழுப்பும் பதற்றத்திலிருந்து தாதியரைக் காப்பதற்கென்றே வைத்தியசாலையின் ஒழுங்குகள் பல அமைந்துள்ளன என அவர் கண்டார். ஒரு மாணவி ஒரு நோயாளியை முழுமையாகப் பராமரிப்பதில்லை. பலருக்கு ஒரே வேலையைச் செய்துகொண்டு போகிறாள். நோயாளி பெயரால் அன்றி, கட்டில் இலக்கத்தாலும் பழுதுற்ற உறுப்பாலும் சுட்டப்படுகிறார். உணர்ச்சியைக் காட்டும் மாணவி கண்டிக்கப்படுகிறாள். இவ்வொழுங்குகள் பதற்றத்தைத் தணிக்கவில்லை. மாணவியரில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் பயிற்சியை முடிக்காமலே விலகினர் என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார்.

இலங்கை வைத்தியசாலைகளின் வாட்டுகளை அறிந்தோருக்கு இச்சித்திரம் அந்நியமாகத் தோன்றாது. மருந்துச் சுற்று, கட்டுச் சுற்று, அளவைச் சுற்று என வேலை துண்டாடப்படுகின்றது. வேலையை முடித்தவள் நல்ல மாணவி. நோயாளியருகே நின்று பேசுபவள் வேலைக்கள்ளி. மூத்தோர் முன்னே வாய்திறவாமையே முதலாண்டிற் கற்பிக்கப்படும் முதற்பாடம். கேள்வி கேட்கத் துணியாதவளாக ஆக்கப்பட்ட ஒருத்தி, நோயாளியைக் கேள்வி கேட்க ஊக்குவிப்பாள் என எதிர்பார்ப்பது எங்ஙனம்? தனக்கு ‘நீ’யும் ஏச்சும் கிடைக்கும் படிநிலையிலே அவள் கீழே நோக்கி ‘நீ’யையும் ஏச்சையுமே கடத்துவாள். விரிவுரையில் ஒரு மணி நேரம் மதிப்பைப் பற்றிக் கேட்டு, வாட்டில் மூன்றாண்டு அவமதிப்பைக் கற்கும் கல்வியில் எது வெல்லும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

வைத்தியர் சுற்றை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். நோயாளியின் தலைக்கு மேலே, அவர் நோயைப் பற்றி, அவருக்கு விளங்காத ஆங்கிலத்தில் உரையாடல் நிகழ்கின்றது. முகங்கள் சுருங்குகின்றன, தலைகள் அசைகின்றன, கூட்டம் நகர்கின்றது. நோயாளி இருக்கும் அறையில் அவரைப் பற்றிக் குசுகுசுத்தல் கொடுமை என நைற்றிங்கேல் அம்மையார் எழுதினார். இங்கே குசுகுசுக்க வேண்டிய தேவையே இல்லை. உரத்துப் பேசும் ஆங்கிலமே குசுகுசுப்பாகிவிடுகின்றது. சுற்று முடிந்தபின், “டொக்டர் என்ன சொன்னவர் மிஸ்?” என்று நோயாளி கேட்பது அருகில் நிற்கும் தாதிய மாணவியிடமே. அந்தக் கேள்விக்கு அவள் எதனைச் சொல்லலாம், எதனை வைத்தியரிடமே விடவேண்டும், விட்டதை நோயாளிக்கு எவ்வாறு உணர்த்தவேண்டும் என்பன அவளுக்குக் கற்பிக்கப்படவில்லை. ஆகவே அவள், “ஒன்றுமில்லை” என்கிறாள்.

தமிழ் கற்போரின் கடமை

இவையெல்லாம் சுகாதார அமைச்சின் கருமங்கள், கலைப்பீடத்துக்கும் தமிழ்ச் சங்கங்களுக்கும் இவற்றில் யாது தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். தொடர்பு நேரானது. மருத்துவத்துக்கு உதவியதாகத் தமிழறிஞர் பெருமைப்படுவது கலைச்சொல்லாக்கத்தையே. அரசகரும மொழித் திணைக்களத்தின் காலத்திலே கலைச்சொற்றொகுதிகள் வெளிவந்தமை பயனுள்ள பணியே. ஆனால் அவை நூலிலிருந்து வகுப்பறைக்குச் செல்லும் சொற்கள். புலமையாளன் புலமையாளனுக்கு ஆக்கியவை. நோயாளியின் வாயிலிருந்து தாதியின் செவிக்கு வரும் சொற்களைத் தொகுத்தவர் யார்? பேராசிரியர் சு. சுசீந்திரராசா முதலியோர் யாழ்ப்பாணத் தமிழின் அமைப்பை மொழியியல் முறையில் ஆராய்ந்து வழிகாட்டினர். அவ்வழியிற் சென்று, பிரதேசந்தோறும் நோய்ச்சொற்களைக் களத்திற் சேகரித்து, சிங்களப் பெயர்ப்போடு தாதிய மாணவர் கையிற் கொடுப்பது தமிழ்த் துறைகளால் இயலாத கருமமா? சங்க இலக்கியத்தில் ஒரு மலரின் பெயருக்குப் பாடபேதம் தேடும் உழைப்பில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

நாடகத்துறையினரும் விலகி நிற்கவியலாது. 1963 இல் லொஸ் ஏஞ்சலிசில் ஹவார்ட் பரோஸ் என்னும் நரம்பியல் வைத்தியர், நலமுள்ள ஒருவரை நோயாளியாக நடிக்கப் பயிற்றி மாணவரைப் பரிசோதித்தார். 1975 இல் ஸ்கொத்லாந்தின் டண்டீ நகரில் றொனால்ட் ஹார்டனும் துணைவரும், மாணவர் பல நிலைகளுக்குச் சென்று செயலாற்றிக் காட்டும் பரீட்சை முறையை அறிமுகஞ் செய்தனர். இன்று உலகெங்கும் வைத்தியரும் தாதியரும் இவ்வாறே சோதிக்கப்படுகின்றனர். 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிலே கூத்துக்குப் புத்துயிர் அளித்தார்; பல்கலைக்கழகத் தமிழரங்கு அதிலிருந்து வளர்ந்தது. மட்டக்களப்பு உழவராகவும், நுவரெலியாத் தோட்டத் தொழிலாளியாகவும், பருத்தித்துறைக் கடற்றொழிலாளியாகவும் அவரவர் பேச்சிலேயே நோயைச் சொல்லி நடிக்கவல்ல மாணவர் கலைப்பீடங்களில் நிறைந்துள்ளனர். அவர்கள் ஆண்டுக்கொரு நாடகவிழாவோடு அமையாது, தாதிய மாணவரின் பயிற்சிக்கூடத்துக்குச் செல்லட்டும். பேசிய விதம் மனத்தில் எவ்வாறு பட்டது என்பதை, நடித்தபின் நோயாளியின் நிலையிலிருந்து சொல்லட்டும்.

கோரவேண்டியவை தெளிவானவை. தாதிய மாணவரின் செயன்முறைப் பரீட்சையில் நோயாளியோடு பேசுதல் தனிப் புள்ளியோடு இடம்பெறல் வேண்டும். அதிற் சித்தியெய்தாதவர் ஊசிப் பரீட்சையிற் சித்தியெய்தாதவரைப் போன்றே மீளத் தோற்றல் வேண்டும். அப்பரீட்சை தமிழிலும் சிங்களத்திலும் நிகழ்தல் வேண்டும். பயிற்சிக் காலத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் சில நோயாளராவது முழுப்பொறுப்பில் ஒப்படைக்கப்படல் வேண்டும். நோயாளி வீடு திரும்புமுன், சொன்னதைத் திருப்பிச் சொல்லக் கேட்டமை பதிவேட்டில் எழுதப்படல் வேண்டும். மொழிபெயர்ப்பாளர் பதவிகள் வைத்தியசாலைகளில் உருவாக்கப்பட்டு, அவற்றுக்கு மனிதர் நியமிக்கப்படல் வேண்டும். இவற்றுட் பெருஞ்செலவை வேண்டுவது இறுதியில் உள்ளது ஒன்றே.

செலவில்லாதவற்றையும் செய்யாதிருக்கும் நிலைக்கு வறுமையைக் காரணங் காட்டவியலாது. கட்டிலிற் கிடப்பவர் பேசத் தகுந்தவர் என்ற எண்ணம் அதிகாரத்திலுள்ளோரிடம் இல்லாமையே காரணம். அந்த எண்ணத்தை உண்டாக்கும் வரை, தமிழை வாழ்த்தி எடுக்கும் விழாக்கள் வைத்தியசாலை வாயிலுக்கு வெளியிலேயே நிற்கும். உள்ளே நோயாளி ‘ஓம்’ என்று சொல்லிக்கொண்டிருப்பார்.